வயலுக்கு இருட்டு வேண்டும், ரோட்டில் நாம் தெரிய வேண்டும்



எங்கள் ஊரில் வயல்வெளி நடுவே போகும் மூன்று கிலோமீட்டர் தார் ரோட்டுக்கு வரிசையாகத் தெருவிளக்கு கேட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போன சம்பாவில் மடை பார்த்துவிட்டு நடந்து வந்த பெரியவர் ஒருவரைப் பின்னால் வந்த வேன் அடித்துவிட்டது. ஆள் பிழைக்கவில்லை. ஓட்டி வந்த பையன் குடித்திருக்கவில்லை, தூங்கவும் இல்லை. "ஆள் போறதே தெரியலைங்க" என்றான். அவன் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனாலும் அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஊருக்குள் விளக்கு வேண்டும். பஸ் நிற்கும் இடத்தில், பால் சொசைட்டி வாசலில், முச்சந்தியில் கட்டாயம் வேண்டும். அதில் மறுபேச்சு இல்லை. வயல் நெடுக வேண்டாம் என்பதுதான் என் கட்சி. நம் பழைய சம்பா ரகங்களில் பலவும் இரவு நீளுவதைக் கணக்கு வைத்துத்தான் கதிர் விடும். விளக்குக் கம்பத்தை ஒட்டிய நாலு வரப்பில் மட்டும் பயிர் கதிர் வராமல் பச்சையாக நிற்பதைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். தண்டுத்துளைப்பானின் அந்துப்பூச்சி வெளிச்சத்தைத் தேடி வரும். அதைப் பிடிக்க வைக்கும் விளக்குப் பொறியைக்கூட முன்னிரவில் சில மணி நேரம் எரியவிட்டு அணைக்கச் சொல்கிறோம். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சியும் சேர்ந்து சாகும் என்பதால்தானே? அப்படியிருக்க, மூன்று கிலோமீட்டருக்கு விடிய விடிய எரியும் பொறியை நாமே கேட்டு வாங்கலாமா?

சரி, விளக்கு இல்லாமல் உயிரை எப்படிக் காப்பது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். டிம் லைட்டில் கருப்புச் சட்டையோ ஊதா லுங்கியோ கட்டிய ஆள் ஏறக்குறைய 30 மீட்டர் கிட்டே வந்தால்தான் ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிவார். அதாவது இரண்டு நொடிகூட இல்லை. ஆள் என்று புரிந்து பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை நொடி போய்விடும். பிரேக் பிடித்த பிறகும் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டராவது வேண்டும். எவ்வளவு நிதானமானவர் ஓட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. அதே ஆள் உடம்பில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை ஒன்று இருந்தால் 100 மீட்டருக்கு அப்பாலேயே பளிச்சென்று தெரியும். ஓட்டுபவருக்கு ஆறு நொடி கிடைக்கிறது. உயிர் பிழைக்க அது போதும்.

நம்ம ஊரில் ரேடியம் ஸ்டிக்கர் என்கிறோமே, அதுதான் அந்தப் பட்டை. பேர்தான் ரேடியம், அதில் ரேடியமும் கிடையாது, கரண்டும் கிடையாது. பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் அதில் பதிந்திருக்கும். அவை தம் மேல் விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். வண்டி லைட் பட்டால் ராத்திரியில் மாட்டின் கண் மின்னுகிறதே, அந்த மாதிரி. வண்டி வந்தால் மின்னும், போனதும் இருண்டுவிடும். பூச்சிக்கும் தொந்தரவில்லை, பயிருக்கும் தொந்தரவில்லை.

டார்ச் கையில் இருக்கிறதே என்பீர்கள். பாம்புக்கும் பள்ளத்துக்கும் டார்ச் வேண்டியதுதான். ஆனால் அது நாம் பார்க்க உதவும் வெளிச்சம். முன்னால் அடிக்கும் டார்ச், பின்னால் வருகிறவருக்கு நம்மைக் காட்டாது. நம் முன்னோர் மாட்டு வண்டிக்கு அடியில் அச்சோடு சேர்த்து அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டார்கள். மாட்டுக்கு வழி தெரியும், அதற்காகக் கட்டிய விளக்கு இல்லை அது. எதிரே வருகிறவனுக்கும் பின்னால் வருகிறவனுக்கும் இங்கே ஒரு வண்டி போகிறது என்று சொல்லத்தான். அரிக்கேன் போனது, அந்த அறிவும் கூடவே போய்விட்டது. வெள்ளை வேட்டியும் வெள்ளைத் துண்டும் கொஞ்சம் காப்பாற்றின. இப்போது அதுவும் கலர் லுங்கியாகவும் கருப்பு டிராக் பேண்டாகவும் மாறிவிட்டது.

டிராக் பேண்ட் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் தயாராகிறவர்கள் காலை நாலரை மணிக்கே ரோட்டில் ஓடுகிறார்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பக்கத்தில் மைதானம் இல்லை, ரோட்டை விட்டால் வேறு இடம் ஏது? மார்கழிப் பனியில், காதில் ஹெட்செட்டோடு, மூன்று பேர் நான்கு பேராகச் சேர்ந்து ஓடுகிறார்கள். அவர்களிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஹெட்செட்டைக் கழற்று. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரோட்டின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக ஓடு. கணுக்காலிலும் மணிக்கட்டிலும் பட்டை கட்டு. நெஞ்சில் ஒட்டிய பட்டையைக் கம்பம் என்று நினைத்துவிடலாம். கால் ஆடும்போது சேர்ந்து ஆடும் பட்டையைப் பார்த்தால் அது மனுசன் என்று உடனே தெரிந்துவிடும். நடந்து போகிற நமக்கும் இதேதான். சைக்கிள்காரர் மட்டும் எல்லா வண்டியையும் போல இடது பக்கமே போக வேண்டும், பின்னால் சிவப்புப் பட்டையோடு.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரெய்லரில் இருக்கும் சிவப்பு விளக்கையும் பட்டையையும் வைக்கோல் பாரம் மூடிவிடுகிறது. பாரத்தின் கடைசி முனையில் ஒரு கழியைக் கட்டி அதில் சிவப்புப் பட்டை சுற்றுங்கள். வண்டி பஞ்சராகி நின்றால் கல்லும் மரக்கிளையும் போட்டுவிட்டு, கிளம்பும்போது அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். ரோட்டில் உளுந்தும் எள்ளும் காயவைப்பவர்கள், பொழுது சாய்வதற்குள் தானியத்தோடு சுற்றி வைத்த கல்லையும் எடுத்துவிட வேண்டும். பாவம், அதில் இடறி விழுகிறவனும் நம்ம ஊர்க்காரன்தான்.

"வண்டி ஓட்டுறவன் பார்த்து ஓட்டணும், நாங்க ஏன் பட்டை கட்டணும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வேகத்தைக் குறைப்பதும், எதிரே ஆள் வந்தால் லைட்டை டிம் செய்வதும் ஓட்டுபவர் கடமை. ரோடு போடுபவருக்கும் கடமை உண்டு. தாரின் மேல் தாராகப் போட்டு ரோட்டை உயர்த்திவிட்டு, ஓரத்தில் மண் அணைக்காமல் போனால் நடக்கிறவன் எங்கே ஒதுங்குவான்? மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் முறை வைத்து வருவதால்தானே மோட்டார் போட இருட்டில் போகிறோம்? பகலில் கொடு என்று கேட்பதை விடக் கூடாது. ஆனால் கோரிக்கை நிறைவேறும்வரை நாம் உயிரோடு இருக்க வேண்டுமே!

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் பக்தர்களின் பையிலும் கைத்தடியிலும் போலீசார் ஒளிரும் பட்டை ஒட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சில நாள் யாத்திரைக்கு வேண்டியது, வருசம் முழுக்க நடக்கிற உழவனுக்கு வேண்டாமா?

ஆகவே, அந்தத் தெருவிளக்கு மனுவுக்குப் பதிலாக வேறு ஒன்றை நான் எழுதி வைத்திருக்கிறேன். வளைவுகளில் மறைக்கும் சீமைக்கருவேலத்தை வெட்ட வேண்டும். மதகுச் சுவருக்கும் ரோட்டோர மரங்களுக்கும் வருசம் ஒருமுறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ரோட்டு ஓரத்துக்கு மண் அணைத்து வெள்ளைக் கோடு போட வேண்டும். இதை அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம். பட்டைக்கு யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை. விதையைக் கூட்டாக வாங்குகிற மாதிரி ஒரு சுருள் வாங்கி வெட்டிப் பகிர்ந்துகொண்டால் ஊருக்கே போதும். மண்வெட்டிக் காம்பிலும், பால் கேனிலும், சைக்கிள் மட்கார்டிலும், மாட்டுக் கொம்பிலும் ஒட்டுங்கள். நடவு தொடங்குவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.