சின்ன எஞ்சின் காட்டிக்கொடுத்த பெரிய விஷயம்

படகு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் பலரும் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அப்படியொன்றும் பெரிய படகில்லை. 16 அடி ஃபைபர் படகு, அதிலும் பாதிதான் என்னுடையது. மறுபாதி என் மனைவியின் தம்பிக்குச் சொந்தம். மாதத்தில் இரண்டு ஞாயிறு கோல சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தில் தூண்டில் போடுவோம். சியாக்காப் கிடைத்தால் அதிர்ஷ்டம், பெரும்பாலும் கெளுத்திதான்.

போன ஆண்டு ஒரு நாள் மகளையும் அழைத்துப் போயிருந்தோம். அவளுக்கு 9 வயது. திரும்பும் நேரத்தில் 40 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது என்பது பிறகு தெரிந்த கதை. அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்தது வற்றுநீர் மட்டும்தான். மலாக்கா நீரிணையின் இந்தப் பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் 3, 4 மீட்டர்கூட ஏறி இறங்கும். இறங்கும்போது ஆறு மொத்தமும் கடலைப் பார்த்து ஓடும். நங்கூரம் சேற்றில் பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு மீனவர் படகு கயிறு போட்டு எங்களைக் கரை சேர்த்தது. மகள் அழவே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னாள்.

"இன்னொரு எஞ்சின் இல்லாம பிள்ளை அந்தப் படகுல ஏறாது" என்று வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது.

அப்படி வாங்கியதுதான் 6 குதிரைத்திறன் எஞ்சின். பழையது, ஃபோர் ஸ்ட்ரோக், எடை 25 கிலோவுக்கு மேல். படகின் பின்பலகையில் நடு இடத்தைப் பெரிய எஞ்சின் பிடித்துக்கொண்டிருப்பதால், சின்னதற்கு வெளிப்பக்கமாக ஒரு பிராக்கெட் மாட்ட வேண்டும். இரண்டு கைகளும் ஸ்பிரிங்கும் உள்ள தாங்கி அது. வேண்டாதபோது எஞ்சினை மேலே தூக்கிப் பூட்டிவைக்கலாம். வேண்டும்போது கீழே இறக்கலாம். வாங்கும்போது அது எத்தனை கிலோ தாங்கும் என்று கண்டிப்பாகப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் காலத்தில் செய்த பிராக்கெட்டுகள் இப்போதும் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. ஃபோர் ஸ்ட்ரோக் அதைவிடக் கனம்.

எஞ்சினின் தண்டு நீளமும் முக்கியம். 15, 20, 25 அங்குலம் என்று வரும். காற்றாடிக்குச் சற்று மேலே ஒரு தட்டையான தகடு இருக்கிறதல்லவா, எஞ்சினை இறக்கியபோது அது படகின் அடிப்பாகத்தைவிட ஓர் அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். மேலே நின்றால் காற்றாடி காற்றைக் கலக்கிச் சத்தம் மட்டும் போடும், படகு நகராது. தூக்கியபோதோ முழுசாகத் தண்ணீருக்கு மேலே வந்துவிட வேண்டும். பெரிய எஞ்சினின் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, சின்னதில் இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதலில் குறித்த இடத்தில் இடித்தது.

இடத்தை மாற்றிக் குறித்துவிட்டு டிரில்லை வைத்தேன். மேல்தோல் ஃபைபர் வெள்ளைத் தூளாக வந்தது. அடுத்து உள்ளே இருக்கும் பலகையின் தூள், வெளிர் மஞ்சளாக, காய்ந்து வரவேண்டும். வந்தது காப்பித்தூள் நிறத்தில், ஈரமாக, டிரில் முனையில் அப்பிக்கொண்டு.

தம்பி அதைத் தேய்த்து முகர்ந்து பார்த்தான். "கொஞ்சம்தான் மாமா நனைஞ்சிருக்கு. உள்ள ஒரு அலுமினியத் தகடு கொடுத்து இறுக்கிட்டா போதும்" என்றான். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. அடுத்த ஞாயிறு நல்ல நீர். இருந்தாலும் மனம் கேட்காமல், ஜெட்டிக்குப் பக்கத்தில் படகு பழுதுபார்க்கும் சீனப் பெரியவரைக் கூப்பிட்டு வந்தோம். அவர் ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் பின்பலகை முழுவதும் தட்டிக்கொண்டே போனார். ஓரங்களில் டக் டக் என்று கணீரென்ற சத்தம். நடுவில் தலையணையைத் தட்டியது போல் மொத்தென்று கேட்டது. பிறகு மலாயில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உன் பெரிய எஞ்சின் எதில் தொங்குகிறது?"

அதே பலகையில்தான். 6 குதிரைத்திறனுக்குத் துளை போடப்போய், 40 குதிரைத்திறன் எஞ்சின் இவ்வளவு நாளும் ஊறிப்போன மரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தோம். என் மகளை உட்கார வைத்து அதில்தான் முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறேன். முன்பு படகை வைத்திருந்தவர் ஏதோ மாட்டிக் கழற்றிய நான்கு துளைகளைச் சிலிக்கோன் வைத்து அடைத்திருந்தார். குளியலறைச் சிலிக்கோன். தண்ணீர் உள்ளே போன வழி அதுதான்.

உள்பக்கத் தோலை வெட்டி, மரத்தைச் சுரண்டி எடுத்து, மரைன் பிளைவுட் அடுக்கி, மேலே மறுபடி ஃபைபர் போட்டு முடிக்க இரண்டு மாதம் ஆனது. செலவு 2,400 வெள்ளி. தம்பி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இந்த முறை பெரியவர் சொன்னபடி செய்தோம். போல்ட் 10 மில்லிமீட்டர் என்றால் முதலில் 16இல் துளையிட்டு, எபோக்சியால் நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் 10க்குத் துளை. இப்படிச் செய்தால் சீலன்ட் என்றைக்காவது விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. போல்ட்டுகள் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. உள்பக்கம் அகலமான தகடு. ஏனென்றால் பலகைக்கு வெளியே ஓர் அடி தள்ளித் தொங்கும் 25 கிலோ, அலையில் குதிக்கும்போது 25 கிலோவாக இருக்காது. எஞ்சினுக்கும் படகுக்கும் நடுவே ஒரு கயிறு. சின்ன எஞ்சினுக்குத் தனிப் பெட்ரோல் கலன். ஒரே கலன் என்றால் கெட்ட பெட்ரோல் இரண்டையும் நிறுத்திவிடும். படகை டிரெய்லரில் ஏற்றிச் சாலையில் இழுக்கும்போது அதைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிடுகிறோம். முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கினோம். இரண்டு நட்டு இளகியிருந்தது.

அந்த முதல் ஓட்டத்துக்கு மனைவியும் வந்தாள். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, வற்றுநீர் இழுக்கத் தொடங்கிய நேரத்தில் பெரிய எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தினேன். தம்பி சின்னதை இறக்கிக் கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் பிடித்தது; பின்னால் தண்ணீர் மெல்லிய தாரையாகப் பீய்ச்சியது. நடந்துபோகும் வேகம்தான், ஆனால் நீரை எதிர்த்துப் படகு ஏறியது.

"நிறுத்திட்டு மறுபடி காட்டுங்க" என்றாள் மனைவி. காட்டினோம்.

"இப்ப நகருங்க, நான் இழுக்கறேன்."

இரண்டாவது இழுப்பிலேயே பிடித்தது.