குத்துவிளக்கு ஏற்ற மட்டுமா நாடாளுமன்ற உறுப்பினர்?
ஸ்காபரோ காட்டிய வழியும் வெஸ்ட் ஈலிங்கின் உறக்கமும்

2011 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் நாள், கனடியத் தமிழர் வரலாற்றில் பொறிக்கப்பட வேண்டிய நாளாகும். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ராதிகா சிற்சபைஈசன், அன்று ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதியில் புதிய சனநாயகக் கட்சியின் வேட்பாளராக வெற்றியீட்டினார். 1988 முதல் லிபரல் கட்சியின் கோட்டையாக விளங்கிய தொகுதி அது. வென்றபோது அவருக்கு வயது 29. கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினர் என அவரைப் போற்றி மகிழ்ந்த இலண்டன் தமிழருள் எத்தனை பேர், "அத்தகைய ஒருவர் இங்கே ஏன் இல்லை?" எனத் தம்மைத் தாமே வினவினர்?

2009 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. வன்னியில் மக்கள் மடிந்துகொண்டிருந்த வேளையில், ரொறன்ரோ இளையோர் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தனர். இலண்டன் இளையோர் வெஸ்ட்மினிஸ்டர் பாலத்தை மறித்து, நாடாளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்கில் அமர்ந்தனர். இரு நகரங்களிலும் கண்ணீர் ஒன்றே, முழக்கமும் ஒன்றே. ஆயினும் ரொறன்ரோவில் தெருவில் நின்ற சமூகம் இரண்டே ஆண்டுகளில் தன் பிள்ளையை நாடாளுமன்றத்தினுள் அனுப்பியது. இலண்டனில் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. 2024 யூலை 4 ஆம் நாள் ஸ்ட்ராட்போர்ட்–போ தொகுதியில் உமா குமரன் வெற்றி பெறும்வரை, சதுக்கத்திலிருந்து சபைக்குள் செல்லும் அந்தச் சில அடி தூரத்தை எவராலும் கடக்க முடியவில்லை.

"ஸ்காபரோவில் தமிழர் செறிந்து வாழ்கின்றனர், இலண்டனிலோ ஹரோ, ரூட்டிங், ஈஸ்ட்ஹாம், ஈலிங் எனச் சிதறிக் கிடக்கின்றனர்" என்பது வழமையான சாட்டு. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை அதுவன்று. கனடாவில் குடியுரிமை பெற்றோரே வாக்களிக்கலாம். பிரித்தானியாவிலோ, சட்டபூர்வமாக வதியும் பொதுநலவாய நாட்டவர் எவரும், பிரித்தானியக் கடவுச்சீட்டு இன்றியே பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். இலங்கையரும் இந்தியரும் இவ்வுரிமைக்கு உரியவர்களே. சட்டம் தந்த கதவு இலண்டன் தமிழருக்கே அகலமானது. உமா குமரன் வென்ற தொகுதியும் தமிழர் பெரும்பான்மையாக வாழும் தொகுதியன்று. குறை எண்ணிக்கையில் அன்று, எண்ணத்தில்தான் உள்ளது!

ராதிகா வானிலிருந்து இறங்கி வந்தவரல்லர். மாணவர் அமைப்புகளிலும் தொழிலாளர் உரிமைப் பணிகளிலும் பயின்றவர். தொழிலுறவுத் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றவர். இத்தகைய துறையொன்றைத் தெரிவு செய்யப்போவதாக ஒரு மகள் வெஸ்ட் ஈலிங் வீடொன்றில் கூறினால் என்ன நிகழும் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் அறிவர். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்ற மூன்று வாசல்களுக்கு அப்பால் உலகமே இல்லை என்று எண்ணும் பெற்றோர், "எங்களுக்காகக் குரல் கொடுக்க ஒருவருமில்லை" எனப் புலம்புவது எவ்வகையில் நியாயம்? குரல் கொடுக்க வேண்டியவர் எப்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளையாகவே இருக்க வேண்டுமா?

வென்ற பின்னர் நிகழ்ந்தவையும் சிந்தனைக்குரியவை. 2011 செப்டெம்பரில் ராதிகாவின் உத்தியோகபூர்வப் புகைப்படம் திருத்தப்பட்டமை கனடிய ஊடகங்களில் பெருஞ்செய்தியானது. ஒரு பெண் பிரதிநிதியின் பணியைவிட உடையே பேசுபொருளாயிற்று. 2013 இறுதியில் இலங்கை சென்றபோது தாம் அரசியல் அச்சுறுத்தலுக்கு உள்ளானதாக அவர் அறிவித்தார். 2015 தேர்தலில் 103 ஆசனங்களிலிருந்து 44 ஆக அவரது கட்சி சரிந்தபோது, ஸ்காபரோ வடக்குத் தொகுதியில் அவரும் தோற்றார். அவரை வென்ற ஷோன் சென் எங்கிருந்து வந்தவர்? ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபையின் தலைவராக இருந்தவர்! பெற்றோர் பலர் எட்டிக்கூடப் பாராத பாடசாலைச் சபையே அவருக்கு நாடாளுமன்றத்தின் படிக்கட்டாயிற்று.

அதே 2015 ஆம் ஆண்டு ஸ்காபரோ–ரூஜ் பார்க் தொகுதியில் ஹரி ஆனந்தசங்கரி வென்றார். அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக 2016 இல் தை மாதம் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கப்பட்டது. 2022 மே 18 இல், அந்நாளைத் தமிழினப்படுகொலை நினைவு நாளாக ஏற்கும் தீர்மானத்தைக் கனடிய நாடாளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. இது முழக்கத்தால் மட்டும் கிட்டிய பலனன்று. சபையின் விதிகளை அறிந்து, ஏனைய கட்சியினரோடு ஆண்டுக்கணக்கில் உறவாடிப் பெற்ற பலனாகும். 2025 மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானபோது, விடுதலைப் புலிகள் தொடர்பான முடிவுகளிலிருந்து அவர் விலகி நிற்க நேர்ந்தது. ஒரு தனிமனிதர் தலையில் ஓர் இனத்தின் சுமை முழுவதையும் ஏற்றிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒருவர் விலகி நிற்கும் இடத்தில் பேச இன்னும் பலர் வேண்டும்.

கனடா தொலைவில் உள்ளதெனில், வெஸ்ட் ஈலிங்கில் 207 இலக்கப் பேருந்தில் ஏறி அக்ஸ்பிரிட்ஜ் வீதி வழியே மேற்கே சென்று பார்க்கலாம். ஹன்வெலைத் தாண்டினால் சவுத்தோல். அங்கு குடியேறிய பஞ்சாபியர் 1950களிலேயே இந்தியத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினர். 1976 இல் குர்தீப் சிங் சாகர் கொல்லப்பட்டபோதும், 1979 இல் இனவாதிகளுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் பிளேயர் பீச் உயிரிழந்தபோதும் அவர்கள் தெருவில் நின்றனர். தெருவோடு நிற்கவில்லை, மாநகரசபைக்குள்ளும் நுழைந்தனர். அச்சங்கத்தின் தலைவராகவும் ஈலிங் மாநகரசபை உறுப்பினராகவும் இருந்த பியாரா கப்ரா 1992 இல் நாடாளுமன்றம் சென்றார். 2007 இல் அவர் மறைந்தபின் அதே தொகுதியில் வென்ற வீரேந்திர சர்மா, பேருந்து நடத்துனராக வாழ்வைத் தொடங்கி நீண்டகாலம் அதே மாநகரசபையில் பணியாற்றியவர்.

அப்பேருந்துப் பாதையருகே சப்பல் வீதியில்தான் ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் வீற்றிருக்கிறாள். கோடையில் அவள் தேரேறும்போது ஆயிரக்கணக்கான தமிழர் வடம் பிடிக்கின்றனர். ஆனால் தேர் ஓடும் வீதியை மூடுவதற்கு ஒப்புதல் தருவது யார்? வாகனத் தரிப்பிடங்களையும் நூலகங்களையும் தீர்மானிப்பது யார்? ஈலிங் மாநகரசபையே. அதன் ஆசனங்கள் 70. வடம் பிடிக்கும் கைகளுள் எத்தனை கைகள் அந்த ஆசனங்களை நோக்கி நீண்டன? பொங்கல் விழாவுக்கு நாடாளுமன்ற உறுப்பினரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு ஏற்றுவித்துப் படம் பிடித்துக்கொள்வது அரசியலன்று. அது விருந்தோம்பல் மட்டுமே!

"அரசியல் ஒரு சாக்கடை" என ஒதுங்குவோர், அச்சாக்கடை தம் வீட்டு வாசலால்தான் ஓடுகின்றது என்பதை மறக்கின்றனர். பிள்ளையின் பாடசாலையில் பெற்றோர் பிரதிநிதியாக ஆளுநர் குழுவில் அமரப் பட்டம் தேவையில்லை; மாலை வேளைகள் சிலவே போதும். நாடாளுமன்ற வேட்பாளராகப் பத்து வாக்காளரின் ஒப்பமும் 500 பவுண் வைப்புப் பணமும் போதும். ஓர் அரங்கேற்றத்திற்குச் செலவிடப்படும் தொகையில் இது எத்தனையில் ஒரு பங்கு என்பதைப் பெற்றோரே கணக்கிடட்டும். பரதமும் வேண்டும், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையும் வேண்டும். ஆனால் அங்கு கற்ற தமிழ் பரிசளிப்பு மேடையோடு முடிந்துவிடலாமா?

இளையோரும் ஒன்றை உணர வேண்டும். பதினாறு வயதில் வாக்காளராகப் பதிவு செய்யலாம். பதினெட்டு வயதில் வேட்பாளராகவே நிற்கலாம். உமா குமரன் 2015 இல் ஹரோ கிழக்கில் தோற்று, ஒன்பது ஆண்டுகளின் பின்னரே வென்றார். தோற்றவரைத் தூற்றும் சமூகத்தில் அடுத்தவர் நிற்க அஞ்சுவார். தோற்றவரின் தோளில் தட்டி மீண்டும் நிறுத்தும் சமூகமே வெல்லும். எந்தக் கட்சியில் சேர்வது என்பது அவரவர் தெரிவு. எதிலுமே சேராதிருப்பது மட்டும் தெரிவன்று, அது கைவிடல்.

அடுத்த தேர்த் திருவிழாவுக்கு முன்பாகவேனும், வெஸ்ட் ஈலிங்கின் ஒவ்வொரு தமிழ் இல்லமும் தன் வாக்காளர் பதிவைச் சரிபார்க்கட்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு தமிழ்ப் பெற்றோரேனும் ஆளுநர் குழுவுக்கு விண்ணப்பிக்கட்டும். மாநகரசபைத் தேர்தலில் நிற்க விரும்பும் பிள்ளையைத் தாயும் தந்தையும் தடுக்காதிருக்கட்டும். சதுக்கத்தில் எழுந்த குரல் சபையில் ஒலிப்பதற்கு வேறு குறுக்கு வழி எதுவுமில்லை!