நீரிழிவும் விழித்திரைச் சோதனையும்

புது தில்லி சரோஜினி நகருக்கு அண்மையில் சப்தர்ஜங் மருத்துவமனையும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் உள்ளன. எனினும், மருத்துவமனை அருகிலிருப்பது ஒன்று. பார்வை கெடுமுன் அங்குச் செல்வது வேறொன்று. அக்கழகத்தின் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் 2015 முதல் 2019 வரை நடத்திய தேசிய ஆய்வில், ஐம்பதும் அதற்கு மேலும் வயதுள்ள நீரிழிவு நோயாளரில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்கு விழித்திரைக் கோளாறு காணப்பட்டது.

இரத்தத்தில் மிகும் சர்க்கரை விழித்திரையின் நுண்குழாய்களைச் சிதைக்கிறது. அவற்றினின்று நீர் கசிகிறது. பின்னர் வலுவற்ற புதுக் குழாய்கள் தோன்றி உடைகின்றன. நடுப்பகுதி தாக்கப்படும்வரை வலியோ மங்கலோ இராது. ஆகவே, மூக்குக்கண்ணாடிக்கான சோதனையில் எழுத்தெல்லாம் தெரிந்தமையால் கண் நலமென முடிவு செய்தல் பிழை. மருந்திட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையையே நோக்குதல் வேண்டும். பெரியோரிடம் மிகுதியாகக் காணும் இரண்டாம் வகை நீரிழிவில், நோய் தெரிந்த அன்றே முதற் சோதனையும், பின்னர் ஆண்டுதோறும் ஒரு சோதனையும் தேவை. நோயின் நீடிப்பு, கட்டுக்கடங்காத சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் ஆகியவை அபாயத்தைப் பெருக்குவன. லேசர் ஒளியும், கண்ணுள் இடும் ஊசிமருந்தும், அறுவையும் எஞ்சிய பார்வையைக் காக்கும். இழந்ததை முழுவதும் மீட்பது அரிது.

கிராமங்களில் கண் மருத்துவர் இலரே எனலாம். பயிற்சி பெற்ற ஊழியர் காமிராவால் விழித்திரையைப் படமெடுத்தனுப்பின், தொலைவிலுள்ள மருத்துவர் அதனை ஆராயக்கூடும். சர்க்கரைக்கு மாத்திரை வழங்குமிடத்திலேயே இவ்வசதி அமைதல் வேண்டும். தனியே அலையும்படி விட்டால் பலர் செல்லமாட்டார். களப்பணியாளர் சர்க்கரை அளவைக் குறிக்குங்கால், கடைசி விழித்திரைச் சோதனையின் தேதியையும் குறிப்பாராக. அவ்விடம் வெறுமையாயின், அதனை நிரப்புவதே அவர்தம் அடுத்த பணி. ஆசிரியரும் பெற்றோர் கூட்டங்களில் இதனை வினவின், பல இல்லங்களில் ஒளி குன்றாது.