கத்திப்பூவும் காட்டு ரத்தமும்

"கொண்டையைப் பாரு, ரத்தம் தெரியும்." ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் சேவல் வளர்க்கிறவர்கள் வாயில் இந்த வசனம் எத்தனை வருஷமாகப் புரண்டுகொண்டிருக்கிறது! இப்போது கைப்பேசிக் காணொளிகளிலும் ஏறிவிட்டது. கொண்டை பல் பல்லாகக் கிழிந்து, கத்திப்பூவாக நிமிர்ந்து, செக்கச் செவேலென்று நின்றால் அது மேற்குத்தொடர்ச்சி மலையின் காட்டு ரத்தமாம். விலையும் கூடவே மலையேறிவிடுகிறது. இறகு நிறத்தைப் பார்த்து யாகூத், ஜாவா, கீரி, காகம் என்று நொடியில் பிரிக்கிற ஆட்கள்தான் இவர்கள். கொண்டை என்று வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

கத்திப்பூதான் காட்டின் முத்திரை என்றால் முதல் மரியாதை நாமக்கல் முட்டைப் பண்ணைக்குப் போக வேண்டும். அங்கே கூண்டில் நிற்கும் லெகார்ன் பெட்டைக்கே கொண்டை கண்ணை மறைக்கிறது.

அப்பன் கொண்டை பிள்ளைக்கு வரும் என்பது அடுத்த கதை. 1902-ல் இங்கிலாந்தின் மரபியலாளர் பேட்சன், மெண்டலின் மரபு விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று காட்டியதே கோழிக்கொண்டைகளை வைத்துத்தான். சுத்தமான ரோஜாக் கொண்டையையும் பட்டாணிக் கொண்டையையும் சேர்த்தால் பிள்ளைக்கு இரண்டும் வராது, வால்நட் கொண்டை வரும். அந்தப் பிள்ளைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் சராசரியாகப் 16-ல் ஒன்று கத்திப்பூவோடு பிறக்கும். அதற்குக் காட்டு ரத்தம் எந்த வழியாக வந்ததாம்?

தலை ஒன்றுபோல இருந்தால் ரத்தமும் ஒன்று என்றால், தலையில் புடைப்பு இருப்பதெல்லாம் ஒரே சாதியா? ஆப்பிரிக்கக் கினிக்கோழி, வெனிசுவேலாவின் குராசோ, சுலவேசித் தீவின் மாலியோ, மூன்றுக்கும் தலைக்கவசம் உண்டு. மூன்றும் வேறு வேறு குடும்பம்.

இதையெல்லாம் விடுங்கள். 1849-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஆர்னால்ட் பெர்தோல்ட் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். விதையை அகற்றியவற்றுக்குக் கொண்டை வளரவில்லை. அவை கூவவில்லை, சண்டைக்கு நிற்கவில்லை, பெட்டையை ஏறிட்டும் பார்க்கவில்லை. விதையை எடுத்து வயிற்றுக்குள் வேறிடத்தில் வைத்தவற்றுக்கோ கொண்டை, கூவல், சண்டை எல்லாம் வந்தன. நரம்பு அறுந்த பிறகும் வந்ததால், ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து வேலை செய்கிறது என்று முடிவு கட்டினார். பிற்காலத்தில் அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வந்தது. விதை போனதும் கொண்டை போயிற்று, வம்சமா போயிற்று?

காட்டிலும் இதே கதைதான். செங்காட்டுச்சேவல் இணைசேரும் காலம் முடிந்ததும் கழுத்தின் பொன்னிற இறகை உதிர்த்துக் கறுப்பு இறகு போடும், கொண்டையும் சுருங்கிவிடும். அந்தச் சமயம் பார்த்து அதைக் காசிமேட்டுக்குக் கொண்டுவந்தால் நம் நிபுணர்கள் "கலப்படம்ப்பா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். குடலில் உருளைப்புழு இருந்தால்கூடக் கொண்டை சிறுத்து மங்கும் என்று மார்லின் ஸூக் குழுவினர் 1990-ல் காட்டினார்கள். பூச்சி மருந்து கொடுத்தால் வம்சம் உயர்ந்துவிடுமோ?

மேற்குத்தொடர்ச்சி மலைக்காரன் சாம்பல் காட்டுக்கோழி. 1813-ல் விலங்கியலாளர் டெம்மிங்க் அதற்கு பிரெஞ்சுப் பயணி சொன்னராவின் பெயரை வைத்தார். அதன் தனி அடையாளம் கழுத்து இறகில் இருக்கும் மெழுகுப் பொட்டு. தூண்டிலில் பொய்ப்பூச்சி கட்ட வெள்ளைக்காரன் கப்பலேற்றிக்கொண்டு போனது அந்த இறகைத்தான். கொண்டையை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழி. சாம்பல் காட்டுக்கோழியின் பங்கும் கொஞ்சம் உண்டு: கோழித்தோலை மஞ்சளாக்கும் மரபணு வடிவம் பெரும்பாலும் அதிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று 2008-ல் எரிக்சன் குழுவினர் கண்டார்கள். ஆக, பார்க்க வேண்டிய இடம் தோல் நிறம் தெரியும் கால். திருவொற்றியூர்க் கறிக்கடையில் தலைகீழாகத் தொங்கும் பிராய்லரின் காலைப் பாருங்கள், மஞ்சள். காட்டு ரத்தம் வேண்டுமென்றால் அங்கே கிலோ கணக்கில் எடைபோட்டே தருவார்கள்.