நடராஜர் கட்டை விரலில் நாசாவுக்கு என்ன வேலை?

சிதம்பரம் கீழ வீதி டீக்கடை, அண்ணாமலை நகர் விடுதி அறை, கடலூர் சில்வர் பீச் மணல்... இடம் எதுவானாலும் நாலு பையன்கள் கூடித் தொழில்நுட்பச் செய்தி பேச ஆரம்பித்தால் அரட்டை ஒரே பாதையில்தான் போகும். முதலில் எந்த செல்போன் உசத்தி என்று சண்டை. அப்புறம் இஸ்ரோ எத்தனை ராக்கெட் விட்டது என்று கணக்கு. கடைசியில் ஒருவர் குரலைத் தாழ்த்தி ஆரம்பிப்பார்: "அதெல்லாம் இருக்கட்டும்பா. நம்ம நடராஜர் கால் கட்டை விரல் இருக்கே, அதுதான் பூமியோட காந்த மையமாம். வெள்ளைக்காரன் எட்டு வருஷம் கோடிக்கணக்குல செலவு பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கான்!" சுற்றி இருப்பவர்களுக்குப் புல்லரிக்கும். அடுத்த நிமிடமே அது பத்துப் பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மின்னஞ்சல், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் என்று வண்டி மாறி மாறிப் பயணம் செய்யும் செய்தி இது. அனுப்பியவர்களில் எத்தனை பேர் ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்திருப்பார்கள்? இதில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாலே போதும்.

முதலில் காந்த மையம். பூமிக்குக் காந்த நடுக்கோடு என்று ஒன்று இருப்பது உண்மைதான். காந்த ஊசியை மேலும் கீழும் சாயும்படி தொங்கவிட்டால், எந்தப் பக்கமும் சாயாமல் அது கிடையாக நிற்கும் இடங்களை எல்லாம் இணைத்தால் வருகிற கோடு அது. பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வளையம் போல ஓடுகிறது. வளையலில் எந்த இடம் நடு என்று யாராவது கேட்பார்களா? சரி, நடுவை விடுங்கள். அந்தக் கோடு சிதம்பரம் வழியாகவாவது போகிறதா? அதுவும் கிடையாது. இந்தியாவின் தென்முனைப் பக்கமாகப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது கேரளத்தின் தும்பாவிலிருந்து. அந்த மீனவ கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணமே அது காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்ததுதான். சிதம்பரத்திலிருந்து தும்பாவுக்கு நேர்கோட்டில் அளந்தாலே 400 கிலோமீட்டருக்கு மேல். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் இதற்கென்று ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் திருநெல்வேலிப் பக்கம்தான். போதாக்குறைக்கு இந்தக் கோடு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை, வருஷத்துக்கு வருஷம் நகர்கிறது. நடராஜர் நின்ற இடத்திலேயே ஆடுகிறார், கோடுதான் ஊர் சுற்றுகிறது!

சில பிரதிகளில் 'காந்த' என்ற சொல் வழியிலேயே விழுந்துபோய், 'பூமத்திய ரேகையின் மையம்' என்றே இருக்கும். பூமத்திய ரேகை சிதம்பரத்துக்குத் தெற்கே சுமார் 1,260 கிலோமீட்டர் தூரத்தில், இலங்கையையும் தாண்டிக் கடலில் கிடக்கிறது. பத்தாம் வகுப்பு வரை புவியியல் படித்தவர்களும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறார்கள்.

அடுத்தது கணக்கு. பொன்னம்பலக் கூரையில் 21,600 பொன் ஓடுகள், அது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு. 72,000 ஆணிகள், அது உடம்பில் உள்ள நாடிகள். நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்து 60-ஆலும் 24-ஆலும் பெருக்கினால் 21,600 வரும். யோக மரபில் நெடுங்காலமாக இருக்கிற எண்கள் இவை. உடம்பையே கோயிலாகப் பாவித்து அந்த எண்களைக் கூரையில் ஏற்றிச் சொல்வது அழகான கற்பனை. ஆனால் மேல்நாட்டு விஞ்ஞானி கண்டுபிடிக்க இதில் என்ன இருக்கிறது? ஓய்வாக இருக்கும் ஆள் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறார், படி ஏறினால் இன்னும் கூடும். 72,000 நாடி என்பதை எந்த உடற்கூறு நூலிலும் தேடிக் கிடைக்காது.

மூன்றாவது, காளஹஸ்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் மூன்றும் ஒரே தீர்க்க ரேகையில் இருக்கின்றன என்பது. இது கிட்டத்தட்ட உண்மை! மூன்றுமே 79.7 பாகைக்கு மிக அருகில் இருக்கின்றன, வித்தியாசம் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பொய்ச் செய்தி பிழைத்துக் கிடப்பதே இப்படி ஓர் உண்மையை முதுகில் சுமப்பதால்தான். ஆனால் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தாயிற்றே? திருவண்ணாமலை அந்தக் கோட்டிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே தள்ளி இருக்கிறது, திருவானைக்காவல் 100 கிலோமீட்டருக்கும் மேல். ஐந்தில் மூன்று ஒரே கோட்டில் வந்தது தற்செயலா, திட்டமா? நல்ல கேள்வி, உட்கார்ந்து ஆராய வேண்டிய கேள்வி. 'விஞ்ஞானிகள் வியப்பு' என்று ஒரு வரி போட்டால் அந்தக் கேள்வியை அதற்குமேல் யாரும் தொடுவதே இல்லை.

இதே குடும்பத்தில் இன்னும் உறவினர்கள் உண்டு. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் நடராஜர் சிலை இருப்பதால் அணு விஞ்ஞானிகள் தில்லையின் ரகசியத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்களாம். அந்த 2 மீட்டர் சிலை இந்திய அரசு கொடுத்த பரிசு, 2004 ஜூன் 18-ல் திறக்கப்பட்டது. பரிசைப் பத்திரமாக வைத்திருப்பது மரியாதை. அதை ஆராய்ச்சி முடிவு என்று சொன்னால் கொடுத்தவருக்கும் அழகில்லை, வாங்கியவருக்கும் அழகில்லை. இன்னொன்று காரைக்கால் பக்கத்துத் திருநள்ளாறு: அதன் மேலே வரும் செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிட்டுப் போகின்றனவாம், நாசாவே திகைத்துவிட்டதாம்! தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை விழாமல் காக்கிறது. நின்று கும்பிட்டுவிட்டுப் புறப்பட அது என்ன டவுன் பஸ்ஸா?

"சரிய்யா, பொய்தான். அதனால யாருக்கு என்ன கெட்டுப் போச்சு? ஊர்ப் பெருமையா ஏதோ சொல்லிட்டுப் போறான், விடேன்..." என்பார்கள். எப்போதும் வரும் பதில் இதுதான். இதற்குக் கடலூர்க் கடற்கரையிலேயே விடை இருக்கிறது.

2004 டிசம்பர் 26. இந்திய நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா அருகே நிலநடுக்கம். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து அலை கடலூர்க் கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆனால் கடலூருக்குச் சற்று வடக்கே, புதுச்சேரி எல்லையில் இருக்கும் நல்லவாட்டில் கதை வேறு. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி தெரிந்து தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனங்கள் ஓடினார்கள். 3,500-க்கும் மேற்பட்டோர் தப்பினார்கள். ஒரு தொலைபேசி, ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான் தொழில்நுட்பம். சொன்னது யார், அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது.

நான்கே நாள் கழித்து, டிசம்பர் 30. மறுபடியும் சுனாமி வரலாம் என்று டெல்லியில் மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. தமிழகக் கடற்கரை முழுவதும் பீதி. பிணங்களைப் புதைத்து முடிக்காத ஊர்களிலிருந்து மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார்கள். நிவாரண வேலை மணிக்கணக்கில் நின்றது. கடைசியில் பார்த்தால் ஆதாரம் இதுதான்: நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிக்க முடியும் என்று சொல்லிக்கொண்ட ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் பேச்சு. அன்றே அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபல் அதை மறுக்க வேண்டியதாயிற்று. யார் இந்த நிபுணர், எதை வைத்துச் சொல்கிறார் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அந்த ஓட்டம் இல்லை.

கவனித்தீர்களா? கட்டை விரல் செய்தியில் வருகிற அதே 'மேல்நாட்டு விஞ்ஞானி'தான் அன்றைக்கும் வந்தார். பெயர் தெரியாத வெள்ளைக்காரன் சொன்னால் கேள்வி கேட்காமல் தலையாட்டும் பழக்கம் கோயில் பெருமைக்கு ஒன்று, கடல் எச்சரிக்கைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருப்பதில்லை. 2015 பெருமழையின்போது நாசா பெயர் போட்ட பயங்கர மழைக் கணக்குகள் செல்போன் செல்போனாகச் சுற்றின. 2018 மே மாதம் குழந்தைக் கடத்தல் வதந்தியை நம்பிய கூட்டம் ஒன்று, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி தடை வைத்தது. அனுப்புகிற விரல் எல்லாவற்றுக்கும் ஒரே விரல்தானே?

இதைவிட வேதனை ஒன்று உண்டு. பொய் விஞ்ஞானத்தை ஊர் ஊராக அனுப்பும் சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே நிஜ விஞ்ஞானம் இருக்கிறது, அதைப் பற்றி டீக்கடையில் ஒரு பேச்சு இல்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு அங்கிருந்து கதிரேசன், ராஜேந்திரன் என்ற இரு ஆய்வாளர்கள் 18 குப்பங்களின் சேதத்தைக் கணக்கெடுத்தார்கள். அலையாத்திக் காடு முன்னால் இருந்த இடங்களில் உயிர்ச்சேதமும் பொருள்சேதமும் குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். பிச்சாவரம் காட்டுக்கு உலகம் முழுக்கப் பேர் வந்தது. அடுத்த வருஷமே வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை எடுத்து வைத்துக்கொண்டு, "காட்டை விட, கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் உயரமும்தான் காப்பாற்றியிருக்கின்றன" என்று மறுத்தார்கள். விஞ்ஞானம் என்றால் இதுதான். பெயர் இருக்கும், எண் இருக்கும், மறுக்கிறவனும் இருப்பான். காட்டை வளர்ப்பதா, குப்பத்தைத் தள்ளிக் கட்டுவதா என்று ஆயிரக்கணக்கான மீனவர் வாழ்க்கையைத் தொடும் வாதம் அது. நியாயமாகப் பார்த்தால் கிள்ளையிலும் தேவனாம்பட்டினத்திலும் அனல் பறக்க வேண்டிய வாதம். அதை விட்டுவிட்டுக் கட்டை விரலில் காந்தம் தேடுகிறார்கள்.

பக்தர்கள் கோபித்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் மாணிக்கவாசகரும் தில்லையைப் பாடியபோது எந்த ஆய்வுக்கூடத்துச் சான்றிதழையும் கேட்கவில்லை. நந்தனார் ஏங்கியது காந்தப் புலத்துக்காகவா? நடராஜரைப் பார்த்துப் பிரமிக்க வேண்டுமானால் கண்முன்னே எவ்வளவோ இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, உருகிய உலோகத்தை ஊற்றி, ஒற்றைக் காலில் நிற்கும் ஆட்டத்தை வார்த்தெடுத்தார்களே, அது தொழில்நுட்பம். சுவாமிமலையில் இன்றைக்கும் அந்த வேலை நடக்கிறது. கோபுர வாயிலில் 108 கரணங்களைக் கல்லில் நிறுத்தினார்களே, அது சாதனை. அந்தச் சிற்பிக்கு நாசா கைதட்டினால்தான் பெருமை என்று நினைப்பது அவனை அவமதிப்பது.

இத்தனைக்கும் சோதித்துப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. எது உசத்தி என்று அடித்துக்கொள்ளும் அந்த செல்போன்களில் பெரும்பாலானவற்றில் இடம் காட்டும் கருவியும் காந்தம் அளக்கும் உணரியும் உள்ளேயே இருக்கின்றன. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் டிப் சர்க்கிள் இருந்தால் இன்னும் நல்லது. சிதம்பரத்தில் ஊசி கிடையாக நிற்கிறதா, சாய்கிறதா என்று ஒரு மதியப் பொழுதில் அளந்துவிடலாம். பொய்யை அனுப்பப் பயன்படும் அதே கருவி அதை உடைக்கவும் பயன்படும்!

அளக்க முடியாத செய்தி வந்தால் மூன்று கேள்வி போதும். சொன்னவர் பெயர் என்ன? எங்கே, எப்போது சொன்னார்? எதை அளந்து சொன்னார்? மூன்றில் ஒன்றுக்கும் விடை இல்லாவிட்டால் அது அங்கேயே நிற்க வேண்டும். 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் இந்தியாவுக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியபோது, வானிலைத் துறை அதை முன்கூட்டியே சொல்லியிருந்தது. எச்சரிக்கை சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் புரளியோடு புரளியாக நிஜ எச்சரிக்கையும் வந்து விழும் ஒரு ஐப்பசி இரவில், கடலூர்த் துறைமுகத்துப் பையன் எதைத் தன் குப்பத்துக்குச் சொல்வான், எதை அழிப்பான்? கட்டை விரல் செய்தியை அனுப்பும்போது பழகிய பழக்கம்தான் அன்றைக்கும் கை கொடுக்கும், அல்லது காலை வாரும்.