ஒரே பைதன், வேறு வேறு கணினிகள்: வன்னிக்கு வரும் பழைய மடிக்கணினிகளும் மாணவர்களும்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. விரும்பியவர்கள் பதிவு செய்து 2026 ஒக்டோபர் 13 வரை நீடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். விண்டோஸ் 11 ஓ பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும். ஆகவே லண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகள் அலுவலகங்களிலிருந்து கழிக்கப்படுகின்றன. அவற்றில் ஒரு பங்கு பழைய மாணவர் சங்கங்கள் ஊடாகவும் ஊர்ச் சங்கங்கள் ஊடாகவும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து சேரும்.

வரட்டும். ஆனால் இப்படியான கையளிப்பு நிகழ்வுகள் சிலவற்றுக்கு நான் செய்தி சேகரிக்கப் போயிருக்கிறேன். எத்தனை கணினி, யார் அனுசரணை, படத்தில் யார் நிற்பது என்பவை எல்லாம் பேசப்படும். அந்தக் கணினியில் எந்தப் பணிசெயல் முறைமை இருக்கிறது, அதில் பிள்ளை எதைப் படிக்கப்போகிறது என்று கேட்கப்பட்டதை நான் கண்டதில்லை.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்? எமது பாடத்திட்டத்தில் செய்நிரலாக்கம் இருக்கிறது. சாதாரண தரத்தில் பஸ்கால், உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தில் பைதன். ஆனால் பரீட்சையில் மாணவர்கள் செய்நிரலைத் தாளில், பேனையால் எழுதுகிறார்கள். தன் வாழ்நாளில் ஒரு செய்நிரலைக்கூட ஓடவிட்டுப் பார்க்காத பிள்ளையும் நல்ல பெறுபேறு எடுக்கலாம். கணினி அறை பூட்டிக் கிடந்தாலும், கணினிகள் பழுதாகி நின்றாலும், பெறுபேற்று அட்டவணை அதைக் காட்டாது. பல்கலைக்கழகத்தின் முதல் தவணையில்தான் அது தெரியவரும். கொழும்பில் ஐந்து வருடம் கணினியோடு இருந்த பிள்ளைக்குப் பக்கத்தில் எமது பிள்ளை போய் இருக்கும்போது.

பைதன் எல்லாக் கணினியிலும் ஒன்றுதானே என்பார்கள். மொழி ஒன்றுதான். அதைச் சென்றடையும் வழிதான் வேறு.

விண்டோஸ் கணினியில் பைதன் இருக்காது, இறக்கி நிறுவவேண்டும். நிறுவும்போது முதற்திரையின் அடியில் ஒரு சிறிய பெட்டி வரும். 'பாத்' என்கிற பட்டியலில் பைதனைச் சேர்க்கவா என்று கேட்கும் பெட்டி. அதில் சரி போடாமல் கடந்தால், பிறகு கறுப்புச் சாளரத்தில் பைதன் என்று தட்டச்சு செய்யும்போது விண்டோஸ் 10 இலும் 11 இலும் பைதனுக்குப் பதிலாக மைக்ரோசொப்ட்டின் கடை திறக்கும். ஆங்கிலம் நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஐந்து நிமிடத்தில் இதைத் தாண்டிவிடும். மற்றப் பிள்ளை தனக்கு இது சரிவராது என்று மூடிவைக்கும்.

விண்டோஸ் 7 என்றால் நிலைமை இன்னும் மோசம். பைதனின் 3.8 பதிப்புக்கு மேல் அதில் நிறுவ முடியாது. யூரியூப்பில் இன்று பாடம் நடத்துபவர் 3.10 இல் வந்த 'மச்' கட்டளையை எழுதிக் காட்டுவார். அதை எழுத்துக்கு எழுத்துச் சரியாகப் பார்த்து எழுதிய மாணவிக்கு, இலக்கணப் பிழை என்று திரை சொல்லும். எழுதியதில் பிழையே இல்லை என்று அவளுக்குச் சொல்ல வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது தமிழ் எழுத்து விடயம். ஆங்கிலத்தில் நிறுவப்பட்ட விண்டோஸில், வேறொன்றும் சொல்லாவிட்டால், பைதன் ஒரு கோப்பைப் பழைய மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணையைக் கொண்டே வாசிக்கும். யுனிகோட்டில் சேமித்த ஊர்ப்பெயர்க் கோப்பு ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். 'மன்னார்' என்ற பெயரில் நின்றுவிடும். புள்ளியைக் குறிக்கும் பைட் ஒன்றுக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. 'வவுனியா'விலும் நிற்கும், அங்கே உகரக் குறி காரணம். 'பளை' மட்டும் தடையில்லாமல் போகும், ஆனால் திரையில் வருவது விளங்காத ஐரோப்பிய எழுத்துக் குவியல். அதே செய்நிரலை, ஒரு எழுத்தும் மாற்றாமல், லினக்ஸிலோ அப்பிளின் மக் கணினியிலோ ஓடவிட்டால் மூன்று ஊரும் தமிழில் வரும். அவை யூ.ரி.எஃப்-8 முறையை இயல்பாகவே எடுத்துக்கொள்கின்றன. விண்டோஸில் இதைச் சரிசெய்ய ஒரேயொரு சொற்றொடர் போதும்: கோப்பைத் திறக்கும் வரியில் யூ.ரி.எஃப்-8 என்று குறிப்பிடுவது. பைதன் 3.15 பதிப்பிலிருந்து இதுவே இயல்பாகும் என்று முடிவாகியிருக்கிறது. 3.8 இல் நின்றுவிட்ட கணினிக்கு அந்த மாற்றம் வராது.

தமிழ்க் கோப்பை ஏன் கணினி வாசிக்கவேண்டும் என்று கேட்கலாம். நான் ஊடகக் கற்கை படித்து, செய்திக்காகப் பைதன் பழகியவள். காணாமல் ஆக்கப்பட்டோரின் பட்டியல்கள், விடுவிக்கப்படாத காணிகளின் பட்டியல்கள் என்று எமது கைகளில் இருப்பவை பெரும்பாலும் பெயர்களும் ஊர்களும்தான். ஒரே ஆளின் பெயர் ஆங்கிலத்தில் ஓர் ஆவணத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கும். அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழ்ப் பெயரைத் தமிழாகவே கையாளத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் எமது பிள்ளைகளிலிருந்துதான் வரவேண்டும்.

லினக்ஸ் இங்கே பெரிய உதவி. உபுண்டு, மின்ட் போன்றவை இலவசம். மின்டின் எக்ஸ்எஃப்சிஈ வகை 2 ஜிபி நினைவகத்திலும் இயங்கும். 4 ஜிபி இருந்தால் தாராளம். பைதன் அதோடு சேர்ந்தே வரும். அங்கேயும் ஒரு முடிச்சு உண்டு: பைதன் என்று மட்டும் எழுதினால் பல இடங்களில் கிடைக்காது, பைதன்3 என்று எழுதவேண்டும். திருட்டு விண்டோஸும் பென் டிரைவ் வழியாகப் பரவும் வைரஸும் படுத்தும் பாடு தெரிந்தவர்களுக்கு இந்த முடிச்சு ஒன்றுமேயில்லை. 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. ஏழைப் பிள்ளைகளுக்கு எஞ்சியதைக் கொடுக்கிறோம் என்று யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

ஆனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆசிரியர்களின் பழக்கம் விண்டோஸில். பாடக்குறிப்புகள் பல இன்னும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். அதிபர் அலுவலகத்துக்கு வேர்ட் வேண்டும். வேறொரு முறைமையை ஒரே நாளில் கொண்டுவந்து இறக்கினால், ஒரு மாதத்தில் யாரோ ஒருவர் அதை அழித்துத் திருட்டு விண்டோஸ் போட்டுவிடுவார். இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு சனிக்கிழமை பயிற்சி கொடுப்பது பத்துக் கணினி அனுப்புவதைவிடச் செலவு குறைந்த வேலை. படம் எடுத்துப் போடத்தான் அதில் ஒன்றுமில்லை.

கணினியே இல்லாத வீடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 2022 இல் ரூபா விழுந்தபோது டொலர் ஒன்று சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. மடிக்கணினி வாங்கும் கனவு பல வீடுகளில் அத்தோடு நின்றது. இருப்பது அம்மாவின் அன்ட்ரொயிட் தொலைபேசி. அதிலும் பைதன் எழுதலாம். பைட்ரொயிட் என்ற செயலி இணையம் இல்லாமலும் ஓடும். டேட்டா இருந்தால் கூகுள் கொலாப்பை உலாவியில் திறந்து எழுதலாம்; செய்நிரல் ஓடுவது கூகுளின் கணினியில், அதுவும் லினக்ஸில். சின்னத் திரையில், வரிகளின் தொடக்க இடைவெளியை விரலால் சரிசெய்து எழுதுவது பெரிய சிரமம். பைதனில் அந்த இடைவெளி பிசகினால் செய்நிரலே பிசகும். ஆனாலும் தாளில் மட்டும் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். பத்தாயிரம் ரூபாவுக்குள் ஒரு புளூடூத் விசைப்பலகை வாங்கிக் கொடுக்கலாம் என்று எந்த ஊர்ச் சங்கமாவது யோசித்தால் நல்லது.

அடுத்த பொதியை அனுப்ப இருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பெட்டியை மூடமுதல் ஒவ்வொரு கணினியிலும் பைதனை நிறுவுங்கள். ஒரு சிறிய செய்நிரல் எழுதி, அதில் அந்தப் பாடசாலை இருக்கும் ஊரின் பெயரைத் தமிழில் ஒரு கோப்பில் சேமித்துத் திரும்ப வாசித்துப் பாருங்கள். எந்த முறைமை, பைதனின் எந்தப் பதிப்பு, அதைத் திறப்பது எப்படி என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஒரு கணினிக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும்.