ஜூரிகளுக்குக் கூலி எவ்வளவு?



அமெரிக்காவில் ஒருவர் வீட்டுக்கு நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தால், அவர் ஏதோ தப்பு செய்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். 'ஜூரியாகப் பணியாற்ற வாருங்கள்' என்ற அழைப்பாகவும் அது இருக்கலாம். காரணம் இல்லாமல் போகாமல் இருந்தால் அபராதம் உண்டு!

ஜூரி என்பவர் யார்? சட்டம் படித்தவர் அல்ல. நம் பக்கத்து வீட்டுக்காரரைப் போன்ற சாதாரணக் குடிமகன்தான். வாக்காளர் பட்டியல் போன்றவற்றிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுப்பார்கள். பெரிய குற்ற வழக்குகளில் பெரும்பாலும் 12 பேர் அமர்ந்து இரு தரப்பையும் கேட்பார்கள். குற்றவாளியா, இல்லையா என்று அவர்கள்தான் முடிவு சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து ஜூரி முறை இருந்தது. 1959-ல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கில் ஜூரிகளின் முடிவை நீதிபதி ஏற்க மறுத்தது நாடெங்கும் பேசப்பட்டது. 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை. அமெரிக்காவில் அந்த முறை இன்றும் இருக்கிறது. அதோடு ஒரு சிக்கலும் இருக்கிறது. அதுதான் கூலி!

கொஞ்சம் கணக்குப் போடுவோமா? அமெரிக்க மத்திய அரசு 2009-ல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 7.25 டாலர். 8 மணி நேரம் உழைத்தால் 58 டாலர். ஆனால் அதே மத்திய அரசின் நீதிமன்றத்தில் ஜூரியாக உட்காருபவருக்கு 2018 முதல் நாளொன்றுக்கு 50 டாலர்தான். வழக்கு 10 நாட்களைத் தாண்டினால் 60 வரை தரலாம்.

பல மாநில நீதிமன்றங்களில் நிலைமை இன்னும் மோசம். கலிபோர்னியாவில் முதல் நாள் ஒன்றும் கிடையாது. இரண்டாம் நாளிலிருந்து 15 டாலர். அந்த மாநிலத்தில் ஒரு மணி நேரக் குறைந்தபட்சக் கூலியே 16 டாலருக்கு மேல்! அதாவது ஒரு நாள் முழுக்க நீதிமன்றத்தில் இருந்தாலும் ஒரு மணி நேரக் கூலி கூடத் தேறாது.

"ஜூரி வேலைக்குப் போனார் என்பதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது" என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று மத்திய அரசின் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மாதச் சம்பளக்காரர் பலருக்கு அவர்களுடைய நிறுவனமே சம்பளம் கொடுத்துவிடும். தினக்கூலிக்காரர் என்ன செய்வார்? "ஐயா, நான் வந்தால் வீட்டில் அடுப்பு எரியாது" என்று நீதிபதியிடம் சொல்லி விலக்குக் கேட்பார். நீதிபதியும் இரக்கப்பட்டு அனுப்பிவிடலாம்.

இதில் யாருக்கு நஷ்டம்? இப்படிக் கற்பனை செய்யுங்கள். இரவு 2 மணிக்குத் தெருவில் நடந்து போன ஓர் இளைஞன் மீது திருட்டு வழக்கு. "அந்த நேரத்தில் நல்லவனுக்குத் தெருவில் என்ன வேலை?" என்று ஒரு ஜூரி கேட்கிறார். இரவு ஷிப்ட் வேலை பார்த்த ஒருவர் அங்கே இருந்தால், "நானும் அந்த நேரத்தில்தான் வீடு திரும்புவேன்" என்று சொல்வார். அவரோ கூலி போய்விடுமே என்று வராமலே இருந்துவிட்டார். நஷ்டம் அந்த இளைஞனுக்குத்தான்!

இந்தப் பிரச்சினை புதியதல்ல. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் இதை யோசித்திருக்கிறார்கள். ஏழைகளும் வர வேண்டும் என்றால் படி கொடுக்க வேண்டும் என்று அங்கே ஜூரிகளுக்குத் தினப்படி கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்தவர் பெரிக்ளிஸ் என்ற தலைவர்.

"ஜூரியாக இருப்பது குடிமகனின் கடமை. கடமைக்குச் சம்பளமா? மக்களின் வரிப்பணம்தானே செலவாகும்?" என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே கடமை, பணக்காரருக்கு லேசாகவும் ஏழைக்குப் பெருஞ்சுமையாகவும் இருக்கலாமா?

இப்போது சில மாநிலங்கள் விழித்துக்கொண்டுள்ளன. டெக்சாஸில் முதல் நாளுக்கு 6 டாலர், அடுத்த நாட்களுக்கு 40 டாலர் என்று இருந்ததை, 2023 செப்டம்பர் முதல் 20, 58 என்று உயர்த்தினார்கள். (மேலே உள்ள கணக்கில் வந்த அதே 58 என்பதைக் கவனியுங்கள்!) சான் பிரான்சிஸ்கோ நகரில் 2022-ல், வருமானம் குறைந்த ஜூரிகளுக்கு நாளொன்றுக்கு 100 டாலர் தரும் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் உயர்த்தாமல், தேவைப்படுபவருக்கு மட்டும் தருவதால் செலவும் கட்டுக்குள் இருக்கும்.

நம் நாட்டில் தேர்தல் நாளன்று தினக்கூலித் தொழிலாளிக்கும் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? ஓட்டுப் போடுவதால் ஒருவரின் கூலி போகக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஜூரிக்கும் அதே நியாயம்தான். 12 நாற்காலிகளில் ஊரின் எல்லாத் தரப்பினரும் உட்கார முடிந்தால்தான், அங்கே சொல்லப்படும் தீர்ப்பை ஊர் நம்பும்.

இனி நீங்கள் சொல்லுங்கள். ஜூரிப் படியை எல்லோருக்கும் ஒரே மாதிரி தரலாமா? இழக்கும் கூலிக்கு ஏற்பத் தரலாமா? வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து பட்டிமன்றம் நடத்திப் பாருங்களேன்!